மறதியும் மறதிப் பயமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டு நினைவுகளைக் கொண்டாடும் மேடையிலே மறதியைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கலாம். இந்தத் தலைப்பைத் தெரிவுசெய்தவர்கள் நீங்களே. வைத்தியர் ஒருவர் எதைப்பற்றிப் பேசவேண்டும் என்று செயற்குழு கிளைச் சங்கங்களிடம் கேட்டபோது, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண், கொழும்பு என்று எல்லா இடங்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விதான் வந்தது: "அம்மாவுக்கு வந்த மறதி நோய் எங்களுக்கும் வருமா?"

இக்கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். தாயையோ மாமியையோ பெரியம்மாவையோ மறதி நோயுடன் வைத்துப் பராமரித்தவர்கள். திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடும்போதும், நன்கு தெரிந்த ஒருவரின் பெயர் வாயில் வராதபோதும் "எனக்கும் துவங்கீட்டுது" என்று திடுக்கிடுபவர்கள். ஆகவே இன்று இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பார்ப்போம். ஒன்று, இந்நோய் பரம்பரையாக வருகிறது என்பதில் எவ்வளவு உண்மை உண்டு. மற்றது, எமது ஞாபகசக்திக்கு நாமே போட்டுக்கொள்ளும் புள்ளியை எவ்வளவு நம்பலாம். இவை இரண்டிற்கும் இடையில் பலரும் எதிர்பாராத ஒரு தொடர்பு இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். எமது ஊர்களில் "அறளை பேந்திட்டுது" என்று சொல்வார்கள். வயது போனால் அப்படித்தான் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் டிமென்சியா எனப்படும் மறதி நோய் மூளையில் ஏற்படும் ஒரு வருத்தம். முதுமையின் இயல்பான பகுதி அன்று. ஞாபகம், மொழி, திட்டமிடும் ஆற்றல், இடத்தையும் நேரத்தையும் அறியும் ஆற்றல் ஆகியவை குறைந்து, அன்றாட அலுவல்களைத் தனியே செய்யமுடியாத நிலை வரும்போதே அதனை டிமென்சியா என்கிறோம். அதற்குக் காரணமான நோய்கள் பல. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். மூளையின் குருதிக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் வருவது இன்னொரு முக்கிய வகை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்சியாவுடன் வாழ்ந்தார்கள். நோயாளர்களிலும் பெண்களே அதிகம். நோயாளரைப் பராமரிக்கச் செலவாகும் நேரத்தில் 70 வீதத்தைக் கொடுப்பவர்களும் பெண்களே. எமது நாட்டில் றாகமப் பகுதியில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே நடத்தப்பட்டு 2003 இல் வெளிவந்த ஆய்வு, 100 பேருக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இந்நோய் இருந்ததைக் காட்டியது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் எட்டுப் பேருக்கு ஒருவர் 60 வயதைக் கடந்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் என்று வாழும் எமது சமூகத்துக்கு இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை விளக்கவேண்டியதில்லை.

இனிப் பரம்பரைக்கு வருவோம். மரபணு என்று இப்போது பலரும் சொல்வதை நாம் பள்ளியில் பரம்பரை அலகு என்று படித்தோம். அல்சைமர் நோயோடு தொடர்புபட்ட பரம்பரை அலகுகளை இரண்டு வகையாகப் பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது.

முதலாவது வகை மிக அரிதானது. மூன்று பரம்பரை அலகுகளில் ஏற்படும் சில மாற்றங்கள் காரணமாக முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ நோய் தொடங்கிவிடும். பெற்றோரில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு அரைவாசி வாய்ப்பு உண்டு. வந்தவருக்குப் பெரும்பாலும் நோயும் வரும். ஆனால் அல்சைமர் நோயாளர் 100 பேரில் ஒருவர்கூட இந்த வகையைச் சேர்ந்தவராக இருப்பதில்லை. எழுபது, எண்பது வயதில் நோய் தொடங்கிய தாய்மாரின் பிள்ளைகள் இதை நினைத்துக் கலங்கத் தேவையில்லை.

இரண்டாவது வகையே பொதுவானது. அப்போ-ஈ என்று ஒரு பரம்பரை அலகு எல்லோரிடமும் இருக்கிறது. உடலிலும் மூளையிலும் கொழுப்பையும் கொலஸ்திரோலையும் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை ஆக்குவது அதன் வேலை. அதற்கு ஈ-2, ஈ-3, ஈ-4 என மூன்று வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவரும் இரண்டு பிரதிகளைப் பெறுகிறோம். உலகில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஈ-3. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலன் ரோசஸ் என்பவரின் குழுவினர் 1993 இல், ஈ-4 வடிவம் உள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று கண்டறிந்தார்கள். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. ஐரோப்பிய வழிவந்தவர்களில் ஒரு ஈ-4 உள்ளவருக்கு வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இரண்டு ஈ-4 உள்ளவருக்கு எட்டு மடங்கோ அதற்கு மேலோ.

"மூன்று மடங்கு" என்றதும் நெஞ்சு பதைக்கிறது. ஆனால் எதன் மூன்று மடங்கு என்று கேட்கவேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் 2011 இல் வெளியான கணிப்பு ஒன்றைப் பாருங்கள். ஒரு ஈ-4 உள்ள பெண்கள் 100 பேரை எடுத்தால், 85 வயதளவில் ஏறத்தாழ 30 பேருக்கு அல்சைமர் நோய் வந்திருக்கும். இது சிறிய எண் அன்று. எனினும் மற்ற 70 பேருக்கு அந்த வயதிலும் அந்நோய் வரவில்லை. அதேபோல ஈ-4 இல்லாத பலருக்கும் நோய் வருகிறது. ஆகவே ஈ-4 என்பது வாய்ப்பைக் கூட்டும் ஒரு காரணி. அது நோயும் அன்று, தீர்ப்பும் அன்று.

இந்த எண்கள் எல்லா இனத்தவருக்கும் ஒரே அளவாகப் பொருந்துவதுமில்லை. வட இந்தியாவில் பல்லப்கர் கிராமங்களில் நடந்த ஆய்வு 2000 இல் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட அமெரிக்கப் பகுதியைவிட அங்கே ஈ-4 குறைவாகக் காணப்பட்டது. ஆனால் நோயுடனான தொடர்பு அங்கும் இருந்தது. நைஜீரியாவின் இபாடான் நகரில் ஈ-4 பலரிடம் இருந்தும் நோயுடனான தொடர்பு வலுக்குறைவாக இருந்தது. ஐரோப்பியரை வைத்துக் கணித்த எண்ணை அப்படியே எமது தலையில் ஏற்றிக்கொள்வதில் அவதானம் வேண்டும்.

இப்போது எமது வீட்டுக் கதையைச் சிறிது சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடனேயே சொல்கிறோம். நாம் சகோதரிகள் மூவர். மூவரும் இப்பாடசாலையின் பிள்ளைகள். மூத்த அக்கா ரொறன்ரோவில். சின்னக்கா ஊரில் ஆசிரியை. கடைசி ஆள் இப்போது உங்கள் முன்னால் நிற்பவர். எமது தாயார் ஏழு ஆண்டுகள் அல்சைமர் நோயுடன் வாழ்ந்து காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், மூத்த அக்கா உமிழ்நீரைக் குழாயில் எடுத்து அனுப்பும் வீட்டுப் பரிசோதனை ஒன்றைச் செய்வித்தார். மின்னஞ்சலில் முடிவு வந்தது: ஒரு ஈ-4. வாசிக்கும்போது பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அன்றிரவே வட்ஸ்அப்பில் எமக்குச் செய்தி வந்தது. "எனக்கு இருக்கு. நீங்கள் ரெண்டுபேரும் ஒருக்காச் செய்து பாருங்கோ." அதன்பிறகு அக்கா தமது மறதிகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். அடுப்பை நிறுத்த மறந்தது, பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் வராதது, கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்காமல் வந்தது என்று பக்கங்கள் நிரம்பின. பதினெட்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்து வந்தவர், "பிள்ளையளின்ர பேர் எல்லாம் மாறுது, நான் இனிச் சரிவரமாட்டன்" என்று அதையும் விட்டுவிட்டார். பரிசோதனைக்கு முன் அவர் தமது ஞாபகத்தைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. பரம்பரை அலகு அவருடன் பிறந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அவரிடம் இருந்தது. புதிதாக வந்தது அதைப்பற்றிய செய்தி மட்டுமே.

அந்தச் செய்தி ஒருவரை என்ன செய்யும் என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2014 இல் அமெரிக்க உளமருத்துவச் சஞ்சிகை ஒன்றில் அந்த ஆய்வு வெளியானது. ஞாபகசக்தியில் நோய் எதுவும் இல்லாத, 52 வயது முதல் 89 வயது வரையான 144 பேர் அதில் பங்குபற்றினார்கள். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குத் தமது அப்போ-ஈ வடிவம் எதுவென்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இரு பகுதியிலும் ஈ-4 உள்ளவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். எல்லோரிடமும் தமது ஞாபகசக்தி எப்படி என்று கேட்டார்கள். பின்னர் சோதனை வைத்தும் பார்த்தார்கள்.

தமக்கு ஈ-4 இருப்பதை அறிந்தவர்கள், அதே ஈ-4 இருந்தும் அறியாதவர்களைவிடத் தமது ஞாபகத்துக்குக் குறைந்த புள்ளி போட்டார்கள். அது மட்டுமன்று, சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனையிலும் குறைவாகவே செய்தார்கள். தமக்கு ஈ-4 இல்லை என்று அறிந்தவர்களோ, அறியாதவர்களைவிடத் தமக்குக் கூடுதல் புள்ளி போட்டார்கள். ஆனால் சோதனையில் அவர்கள் மேம்பட்டுச் செய்யவில்லை. இரு பகுதியிலும் ஈ-4 ஒன்றுதான். வேறுபட்டது அறிவும் அறியாமையும்.

இது ஏன் என்பது இந்த மண்டபத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முதல்நாள் இரவு ஒப்புவித்த பாடம், வினாத்தாளைக் கண்டதும் மறந்துபோகும். பயம் கவனத்தை எடுத்துக்கொள்கிறது; கவனியாதது மனத்தில் பதியாது, பதிந்ததும் வேண்டிய நேரத்தில் வராது. வராதபோது பயம் கூடுகிறது. ஈ-4 பற்றிய பயத்திலும் இதுவே நடந்திருக்கலாம்.

144 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வை மட்டும் கொண்டு பெரிய முடிவு சொல்லக்கூடாது. அதனால் இன்னொன்றையும் சொல்கிறோம். ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியவர்களிடம் அவர்களின் உண்மையான பரம்பரை அலகு எதுவாயினும், சீட்டுக் குலுக்குவதுபோல, "உங்களுக்கு உடற்பயிற்சி ஒத்துவராத வடிவம்" என்று சிலருக்கும் "ஒத்துவரும் வடிவம்" என்று சிலருக்கும் சொன்னார்கள். ஒத்துவராது என்று சொல்லப்பட்டவர்கள் அடுத்தமுறை ஓடும்போது முன்னையைவிட விரைவில் நின்றுவிட்டார்கள். அவர்களின் மூச்சின் அளவுகளும் மாறின. சில அளவுகளில் பரம்பரை அலகைவிடச் சொன்ன வார்த்தையே பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியது. பின்னர் அவர்களுக்கு உண்மை விளக்கப்பட்டது.

அப்படியானால் இந்தச் செய்தியை எவரும் அறியவே கூடாதா? அதுவும் சரியன்று. பொஸ்ரனைச் சேர்ந்த வைத்தியர் றொபேட் கிறீன் குழுவினர், அல்சைமர் நோயாளரின் பிள்ளைகளான 162 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009 இல் வெளியானது. முடிவை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் இடையில் ஓராண்டின் பின் பதகளிப்பிலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே ஆலோசனை வழங்கப்பட்டது. முடிவை ஒருவர் நேரில் இருந்து விளக்கினார். பின்னரும் தொடர்ந்து விசாரித்தார்கள். மின்னஞ்சலில் நள்ளிரவில் தனியே வாசிப்பதும் இதுவும் ஒன்றல்ல.

அடுத்து, நாமே உணரும் மறதியை அலட்சியம் செய்யலாமா? கூடாது. சோதனைகளில் குறையில்லாதவர், தம் ஞாபகம் முன்னரைப்போல் இல்லை என்று உணர்வதை மருத்துவம் இன்று கருத்தில் எடுக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அப்படி உணர்பவர்கள் 100 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு டிமென்சியா வருகிறது; அப்படி உணராதவர்களில் ஏறத்தாழ ஒருவருக்கு. வேறுபாடு உண்மையானது. ஆனால் அந்த 100 பேரில் 98 பேருக்கு அந்த ஆண்டில் நோய் வரவில்லை என்பதும் உண்மையே.

எமது கிளினிக்கில் நாம் கவனிக்கும் ஒன்றைச் சொல்கிறோம். தனியே பேருந்தில் வந்து, எழுதிக் கொண்டுவந்த துண்டைப் பார்த்து, எப்போது எதை மறந்தேன் என்று வரிசையாகச் சொல்பவர் பெரும்பாலும் பயத்தோடு வந்தவர். நோயோடு வருபவரைப் பெரும்பாலும் பிள்ளைகள் கூட்டி வருவார்கள். "அம்மா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லாமல் மகளின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். "எனக்கு ஒண்டும் இல்லை, இவைதான் கூட்டிக்கொண்டு வந்தவை" என்பார். நோய் முற்ற முற்றத் தன் மறதியை அறியும் ஆற்றலும் குறைந்துபோவது இந்த வருத்தத்தின் இயல்பு. அதனால் நாமே போடும் புள்ளியைவிட, எம்மோடு தினமும் பழகுபவர் காணும் மாற்றம் நம்பத்தக்கது.

எது சாதாரண மறதி, எதற்கு வைத்தியரிடம் போகவேண்டும்? திறப்பை வைத்த இடம் மறப்பது சாதாரணம். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று திகைப்பது சாதாரணம் அன்று. ஒருவரின் பெயர் உடனே வராமல் குளிக்கும்போது நினைவுக்கு வருவது சாதாரணம். அரை மணித்தியாலத்துக்குள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நாற்பது வருடம் நடந்த ஒழுங்கையில் வழி தவறுவது, கண்ணை மூடிக்கொண்டு வைத்த குழம்பின் முறை தடுமாறுவது, ஓய்வூதியக் கணக்குக் குழம்புவது, ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் குணம் மாறுவது ஆகியவற்றுக்குத் தாமதியாமல் வைத்தியரைக் காணவேண்டும்.

அப்படிக் காணும்போது திருத்தக்கூடிய காரணங்களையும் தேடுவோம். தைரோயிட் குறைபாடு, விற்றமின் பீ12 குறைபாடு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நித்திரைக் கோளாறு ஆகியவை ஞாபகத்தைக் கெடுக்கும். சில மருந்துகளும் கெடுக்கும். தடிமனுக்கு நாமாகவே வாங்கிப் போடும் குளோர்பெனிரமின், நோவுக்கும் நித்திரைக்கும் கொடுக்கப்படும் அமிற்றிப்ரிலின் போன்றவை முதியவர்களைக் குழப்பக்கூடும். வைத்தியரிடம் போகும்போது போடுகின்ற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மூத்த அக்காவையும் நாம் வற்புறுத்தி ரொறன்ரோவில் ஒரு ஞாபகசக்திக் கிளினிக்குக்கு அனுப்பினோம். இரண்டு மணித்தியாலச் சோதனையில் அவரது ஞாபகம் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்றதாகவே இருந்தது. ஆனால் அவரது கேட்கும் திறன் குறைந்திருந்தது. பிள்ளைகளின் பெயர்களில் பலவற்றை அவர் மறக்கவில்லை, சரியாகக் கேட்டிருக்கவில்லை. இப்போது காதுக்குக் கருவி பூட்டியிருக்கிறார். ஆறு மாதங்களின் பின் தமிழ்ப் பாடசாலைக்குத் திரும்பவும் போகத் தொடங்கினார். ஈ-4 அவரிடம் இன்னமும் இருக்கிறது. எண்பது வயதில் என்ன வரும் என்று அவருக்கோ எமக்கோ தெரியாது. கொப்பியை மட்டும் நிறுத்திவிட்டார்.

சின்னக்காவும் இளையவரும் பரிசோதனை செய்யவில்லை. அக்காவிடம் ஒரு ஈ-4 இருப்பதால் எமது பெற்றோரில் ஒருவரிடமாவது அது இருந்திருக்கவேண்டும். ஆகவே எமக்கும் குறைந்தது அரைவாசி வாய்ப்பு உண்டு. நாம் கேளாமலே எம்மைப்பற்றியும், அக்காவின் மகளைப்பற்றியும் அந்த முடிவு ஏதோ சொல்லிவிட்டது. அக்காவுடன் கதைத்தபின் நாம் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: முடிவு எதுவாயினும் நாளைக்கு நாம் வேறுவிதமாக என்ன செய்வோம்? குருதி அமுக்கத்தைக் கட்டுப்படுத்துவோம், நடப்போம், காதையும் கண்ணையும் பார்ப்போம். அவற்றைப் பரிசோதனை இல்லாமலே செய்யலாம் என்று முடிவுசெய்தோம். வேறு விதமாக முடிவெடுக்கும் சகோதரிகளையும் நாம் குறைசொல்லமாட்டோம். டீ.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன்கூட, 2007 இல் தமது பரம்பரைத் தகவல் முழுவதையும் வெளியிட இணங்கியபோது, அப்போ-ஈ ஒன்றை மட்டும் தமக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரின் பாட்டியார் அல்சைமர் நோயால் இறந்தவர்.

பரிசோதனை செய்ய எண்ணுபவர்களுக்கு மூன்று விடயங்கள். ஒன்று, நோயின் தொடக்கத்தில் உள்ள சிலருக்கு இப்பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படும். 2023 இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் போன்ற புதிய மருந்துகளால் மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்படலாம். இரண்டு ஈ-4 உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மேலும் அதிகம். இரண்டு, உங்கள் நாட்டின் காப்புறுதிச் சட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். கனடாவில் 2017 இன் சட்டம் பரம்பரைப் பரிசோதனை முடிவைக் கேட்டு நிர்ப்பந்திப்பதைத் தடைசெய்கிறது. அமெரிக்காவின் 2008 ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் காப்புறுதியையும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியையும் உள்ளடக்கவில்லை. மூன்று, முடிவு வருமுன்னரே விளக்கக்கூடிய ஆலோசகர் ஒருவரைத் தேடிவைத்துக்கொள்ளுங்கள். சகோதரங்களிடமும், அறிய விரும்புகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கலியாணம் பேசும் இடத்தில் இப்படிப்பட்ட கதைகள் எப்படித் திரிபடும் என்பதை எமது சமூகத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பரம்பரை அலகை மாற்றமுடியாது. மாற்றக்கூடியவை எவை? லான்செற் ஆணைக்குழு 2024 இல் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. இளமையில் கல்வி குறைதல், கேட்டல் குறைவு, கெட்ட கொலஸ்திரோல், மனச்சோர்வு, தலையில் அடிபடுதல், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைத்தல், உயர் குருதி அமுக்கம், உடற்பருமன், மிகுந்த மதுபானம், தனிமை, வளி மாசு, திருத்தப்படாத பார்வைக் குறைவு என்பன அவை. இவை யாவும் நீங்குமாயின் உலகில் டிமென்சியாவில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்பது அவர்களின் கணிப்பு.

ஈ-4 உள்ளவர்களுக்கும் இது பயன் தருமா? பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, குருதி அமுக்கக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பெற்றவர்கள், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடச் சிந்தனைச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். ஈ-4 உள்ளவர்களும் அந்தப் பயனைப் பெற்றார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லீவி குழுவினர் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இன்றைய தலைப்புக்கு மிக நெருங்கியது. 4765 முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஈ-4 உள்ளவர்களிலே, முதுமையை நல்ல கண்ணோடு பார்த்தவர்களில் 2.7 வீதத்தினருக்கும், வெறுப்போடும் பயத்தோடும் பார்த்தவர்களில் 6.1 வீதத்தினருக்கும் டிமென்சியா வந்தது. எண்ணமே நோயைத் தடுத்தது என்று இதனால் நிறுவமுடியாது. ஆனால் "அறளை பேந்திட்டுது" என்று நகைச்சுவையாகச் சொல்லும் வார்த்தை கேட்பவரின் மனத்தில் எங்கே போய்த் தங்குகிறது என்று ஒருமுறை யோசிக்கவைக்கிறது.

பட்டியலில் முதலில் நின்ற கல்விக்கு வருகிறோம். அமெரிக்காவில் 678 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளை முதுமையில் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு திட்டம் 1986 இல் தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினர் இருபதுகளில், மடத்தில் சேர்ந்த காலத்தில், தம் கைப்பட எழுதிய சுயசரிதைக் குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. கருத்துச் செறிவோடு எழுதியவர்களில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின், அல்சைமர் நோய் குறைவாகக் காணப்பட்டது. இளமையில் வாசிக்கவும் எழுதவும் யோசிக்கவும் பெறும் பயிற்சி முதுமையில் மூளைக்குக் கையிருப்பாகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலத்தில் இப்பாடசாலையைத் தொடங்கியவர்கள், தாம் எத்தனை மூதாட்டிகளுக்கு நன்மை செய்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, சாதாரண தரத்துக்கு முன்னரே படிப்பை விடும் நிலையில் உள்ள மாணவி ஒருவரையாவது ஒவ்வொரு கிளையும் ஆண்டுதோறும் பொறுப்பேற்கவேண்டும். இரண்டாவது, நூற்றாண்டு ஆண்டிலிருந்து வருடம் ஒருமுறை பாடசாலை மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கும் முதிய பழைய மாணவிகளுக்கும் காது, கண், குருதி அமுக்கம், நீரிழிவு பார்க்கும் முகாம் நடத்தவேண்டும். எமது துறை நண்பர்களையும் அழைத்துக்கொண்டு நாம் வருவோம். மூன்றாவது, ஒவ்வொரு வகுப்புக் குழுவும் தனியே வாழும் ஆசிரியை ஒருவருக்கோ தோழி ஒருவருக்கோ கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுக்கவேண்டும். அந்தக் குரல் மாறுவதை முதலில் கவனிப்பவர் நீங்களாக இருக்கலாம்.

கிளைகள் கேட்ட கேள்விக்கு எமது பதில் இதுதான். அம்மாவுக்கு வந்தது எமக்கு வரலாம், வராமலும் விடலாம். வருமுன்னரே வந்துவிட்டதாக எண்ணி, படிப்பிப்பதையும், பாடுவதையும், பயணம் போவதையும், நாலு பேரோடு கதைப்பதையும் கைவிடவேண்டாம். மூளையைக் காக்க நல்லதென்று நாம் அறிந்தவற்றுள் அவையும் அடங்கும். உண்மையிலே மாற்றம் கண்டால் ஒளிக்காமல் வாருங்கள். உங்கள் ஞாபகத்துக்கான புள்ளியை நாம் சேர்ந்து போடுவோம்.

 எம்மை வளர்த்த கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.